முதுகுவலி பேட்டுக்கு அடியில் அறுபது குஞ்சுகள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவள். இருபத்தெட்டு வருட வேலையில் நான் எழுதியதெல்லாம் வெள்ளைப் போர்டில் எண்கள்தாம். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறப்பதென்றால் இன்றைக்கும் கை வியர்த்துவிடும். அப்படிப்பட்டவள் கோழி வளர்ப்போர் ஆண்டு மலரில் கட்டுரை எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது.

ஆனாலும் எழுதச் சொல்லிவிட்டார்கள். கிள்ளான் வட்டாரத்தில் வீட்டிலேயே கம்பத்துக் கோழி, அதாவது நாட்டுக்கோழி, வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். "குஞ்சுக்கு விளக்குப் போடலாமா, ஹீட்டிங் பேட் போடலாமா" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார். போன மாதம் ஒருவர் வீட்டுப் பின்கட்டில் விளக்கு அறுந்து விழுந்து கூண்டு முழுக்க எரிந்துபோனது. நான் பார்த்த வேலையை அதே குஞ்சு அறையில் இப்போது பார்க்கும் கவிதா அன்றைக்கே போன் செய்தாள்.

"அக்கா, நீங்க எழுதித்தான் குடுக்கணும். வாய்ஸ் மெசேஜ் வேணாம் லா. உங்க வாய்ஸ் மெசேஜ்ல பாதி நேரம் மூச்சு விடற சத்தம்தான் கேக்குது."

அவள் சொன்னது உண்மை. அதனால் எழுதுகிறேன்.

நான் வேலை செய்தது காப்பார் சாலையை ஒட்டிய ஒரு கோழிக்குஞ்சுப் பண்ணையில். முட்டையைப் பொரிக்க வைக்கும் கட்டடம் ஒன்று, அதன் பின்னால் குஞ்சு அறை. பொரிந்த குஞ்சுகளில் ஒரு பங்கை ஒரு நாள் குஞ்சாகவே விற்றுவிடுவார்கள். மீதியை மூன்று வாரம் வளர்த்து, இறகு முளைத்த பிறகு விற்பார்கள். அந்த மூன்று வாரம்தான் எங்கள் வேலை. அறையில் நாங்கள் நான்கு பெண்கள். நான், லெட்சுமி அக்கா, இந்தோனேசியாவிலிருந்து வந்த இருவர்.

வேலை பழகிய கதையை நீட்டி எழுத ஒன்றுமில்லை. முதல் இரண்டு வருடம் தண்ணீர்க் குவளை கழுவினேன். மூன்றாம் வருடம் தீவனம் போட்டேன். நான்காம் வருடம்தான் குஞ்சைத் தொட விட்டார்கள்.

தொட விட்டவர் தனபாலன் சார், எங்கள் சூப்பர்வைசர். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், கால்நடைத் துறையில் முன்பு அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். குஞ்சு அறைக்குள் யாரும் இல்லை என்று தெரிந்தாலும் கதவைத் தட்டிவிட்டுத்தான் நுழைவார். மெதுவாக இரண்டு தட்டு, பிறகு கொஞ்சம் காத்திருப்பு. திடீரென்று கதவு திறந்தால் குஞ்சுகள் மிரண்டு ஒரு மூலையில் ஏறி விழும், அடியில் சிக்கியது மூச்சு முட்டிச் செத்துவிடும். எங்களுக்கு அது தெரியும். ஆனால் இருபது வருடம் ஒரு நாள் தவறாமல் தட்டியவர் அவர் ஒருவர்தான்.

உள்ளே வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். ஒரு குஞ்சை எடுத்து அதன் இரண்டு காலையும் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். கால் ஜில்லென்றிருந்தால் குஞ்சுக்குக் குளிர், கன்னத்துக்கு ஒன்றுமே தெரியாவிட்டால் சரியான சூடு. பிறகு தொண்டைக்குக் கீழே இருக்கும் இரைப்பையை இரண்டு விரலால் தடவுவார். வந்த முதல் நாள் மாலைக்குள் அது ஊறிய பயறு போட்ட சின்னப் பை மாதிரி மெத்தென்றிருக்க வேண்டும். வெறும் தண்ணீராய் ஆடினால் குஞ்சு இன்னும் தீவனத்தைக் கண்டுபிடிக்கவில்லை. கல் மாதிரி இருந்தால் தின்றிருக்கிறது, தண்ணீர் குடிக்கவில்லை.

அவர் திட்டி நான் கேட்டதில்லை. ஏதாவது தப்பாக இருந்தால் கேட்ட கேள்வியையே மறுபடி கேட்பார். "எத்தனை?" என்பார். நாம் சொல்வோம். எண்ணிக்கை சரியில்லையென்றால் அதே குரலில் மறுபடி, "எத்தனை?" என்பார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

எங்கள் அறையில் சூட்டுக்கு விளக்குதான். ஒவ்வொரு அடைப்புக்கு மேலேயும் சங்கிலியில் ஒரு பெரிய சிவப்பு பல்ப் தொங்கும். கீழே மரத்தூள். மணிக்கொரு தடவை தெர்மாமீட்டர் பார்த்துப் போர்டில் எழுத வேண்டும். குஞ்சுகள் விளக்குக்கு அடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு, பரவலாக இருந்தால் சரி. விளக்கு ராத்திரி பகல் எரிவதால் அறையில் கீச்சுக் கீச்சு ஓயாது. எங்கள் நால்வருக்கும் காதில் அந்தச் சத்தம் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சங்கிலிக் கொக்கி ஒன்று தேய்ந்து விட்டுப்போனது. பல்ப் மரத்தூளில் விழுந்தது, தூள் பற்றிக்கொண்டது. லெட்சுமி அக்கா தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம். ஓடி வந்து தண்ணீரை ஊற்றினார், நானும் ஓடினேன். ஆளுக்கு ஆபத்தில்லை. ஒரு அடைப்பும் அதிலிருந்த குஞ்சுகளும் போயின. அந்த வாடையை நான் எழுத விரும்பவில்லை.

மறுவாரம் முதலாளி வந்தார். சீனர், நாங்கள் பாஸ் என்போம். அவர் எங்களோடு பேசியது மலாய், நாங்கள் பதில் சொன்னதும் மலாய். இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

"விளக்கு இனிமே இந்தக் கட்டடத்துக்குள்ள வேணாம். குஞ்சு அறைய மூடிடலாம். எல்லாத்தையும் ஒரு நாள் குஞ்சாவே வித்துடுவோம். நீங்க நாலு பேரும் ஷா ஆலம் ஃபேக்டரிக்கு வந்துடுங்க."

ஷா ஆலம் ஃபேக்டரி என்றால் கோழி வெட்டும் இடம். கார் இல்லாதவள் அங்கே போவது எப்படி? ஷிப்ட் வேலை வேறு. என் வீட்டுக்காரர் போர்ட் கிள்ளானில் கொண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். முதுகு வலியால் மாதத்தில் பாதி நாள் படுத்துவிடுவார். லெட்சுமி அக்காவுக்கு அந்த அரை மாதத் துணையும் கிடையாது, புருஷன் இறந்து ஆறு வருடம். அவருக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. குளிர் அறையில் எட்டு மணி நேரம் நின்று கோழி வெட்ட அவரால் முடியாது. அது பாஸுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரர் கூடத்தில் குப்புறப் படுத்துக் கிடந்தார், முதுகின்மேல் ஹீட்டிங் பேட். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மருத்துவச் சாமான் விற்கும் கடையில் அவருக்காக நான் வாங்கியது. தூங்கிவிட்டார். பேட்டை எடுத்து மடிக்கப் போனவள், அதன் அடியில் கையை விட்டபடி நின்றுவிட்டேன். கணகணப்பு மேலிருந்து புறங்கையில் அழுந்தியது. அடைக்கோழியின் வயிற்றுக்குக் கீழே முட்டை எடுக்கக் கைவிட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். அதே சூடு, அதே பாரம்.

கோழி விளக்குப் போட்டா குஞ்சு வளர்க்கிறது? அறையைச் சூடாக்குகிறதா? குஞ்சின் முதுகில் படுகிறது, அவ்வளவுதான்.

மறுநாள் வீட்டுக்காரர் கேட்டார், "என் பேட் எங்க?"

"வேலைக்கு எடுத்துட்டுப் போறேன்."

"உனக்கும் முதுகு வலியா?"

"கோழிக்குஞ்சுக்கு."

"இருபது வருஷமா லோரி ஓட்டி எனக்கு ஒரு பேட். பொறந்து ஒரு நாள் ஆகல, அதுங்களுக்கும் ஒரு பேட்டா?" என்றார். ஆனால் வயரைச் சுற்றிப் பையில் போட்டுக் கொடுத்தவர் அவர்தான்.

தனபாலன் சாரிடம் நான் வாயால் சொல்லவில்லை. பேட்டைப் போட்டுச் சூடாக்கி, "சார், கை வைங்க" என்று மட்டும் சொன்னேன். கடிகாரத்தைக் கழற்றிவிட்டுக் கையை அடியில் விட்டார். வெகு நேரம் கையை வெளியே எடுக்கவில்லை.

"அடியில போடுறதோ, மேல போடுறதோ?" என்று கேட்டார்.

"மேல சார். குஞ்சு உள்ள பூந்து நிக்கணும்."

"ஓம். அடியில போட்டா கால் வெந்துபோகும், உடம்பில தண்ணி வத்திடும்." பென்சிலை எடுத்து ஏதோ வரைந்தார். பிறகு பாஸைப் பார்க்கப் போனார்.

பாஸ் பத்து நாள் கொடுத்தார். அறுபது குஞ்சு. எங்கள் பண்ணையில் நூறுக்கு ஐந்து வரை சாவைப் பொறுத்துக்கொள்வார்கள். அறுபதுக்கு மூன்று. பத்தாம் நாள் மூன்று மணிக்கு வருவேன், நாலாவது செத்திருந்தால் அறையை மூடிவிடலாம் என்றார். அவர் கோபத்தில் சொல்லவில்லை. கணக்காகச் சொன்னார்.

கம்பி வலையை வளைத்து, முன்பக்கம் நாலு விரல் உயரம், பின்பக்கம் இரண்டு விரல் உயரம் வருகிற மாதிரி குகை செய்தோம். சின்னதாக நிற்கும் குஞ்சுக்கும் எங்காவது ஓரிடத்தில் முதுகு முட்ட வேண்டும், அதற்குத்தான் அந்தச் சரிவு. வலையின் உட்பக்கம் பேட்டைக் கட்டி, அழுக்கு ஒட்டாமல் பிளாஸ்டிக் சுற்றி, மேலே பழைய துண்டு ஒன்றைப் போர்த்தினோம். வீட்டுக்காரரின் பேட் ஒன்று, கிள்ளான் மருந்துக்கடையில் வாங்கிய அதே மாதிரி இன்னொன்று. இரண்டு குகை.

மறுநாள் காலையில் பொரிக்கும் கட்டடத்திலிருந்து பெட்டியில் குஞ்சுகள் வந்தன. பெட்டியிலேயே ஒன்று செத்திருந்தது. சார், "எத்தனை?" என்றார். "ஒன்னு" என்றேன். போர்டில் ஒன்று என்று எழுதினேன்.

முதல் சிக்கல், குஞ்சுகளுக்குக் குகை இருப்பதே தெரியவில்லை. விளக்கென்றால் வெளிச்சத்தைப் பார்த்து ஓடும். இது இருட்டு. ஒவ்வொன்றாகப் பிடித்து அலகைத் தண்ணீரில் நனைத்து, பின்னாலிருந்து தள்ளி உள்ளே விட்டோம். வெளியே வந்தால் மறுபடி தள்ளினோம். மத்தியானத்துக்குள் பத்துப் பதினைந்து கற்றுக்கொண்டன, மற்றவை அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. வெளியே ஓடி வந்து தின்னும், குடிக்கும், ஐந்து நிமிஷத்தில் ஓடிப்போய் முதுகை முட்டிக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது சிக்கல் எங்களுடையது. ஏழு மணிக்கு வெளிச்சம் குறைந்ததும் அறை அமைதியாகிவிட்டது. இருபது வருடத்தில் அந்த அறையில் சத்தமில்லாமல் நான் பார்த்ததே இல்லை. லெட்சுமி அக்கா என் கையைப் பிடித்தார்.

"புஷ்பா, சத்தமே காணோம். எல்லாம் போயிடுச்சு போல."

துண்டைத் தூக்கிப் பார்த்தோம். அத்தனையும் கண்ணை மூடி, ஒன்றின்மேல் ஒன்று கழுத்தைச் சாய்த்துக் கிடந்தன. வெளிக்காற்றுப் பட்டதும் எல்லாம் எழுந்து கத்தின. மூடினோம். அடங்கியது. அடங்கியதும் பயம் வந்து மறுபடி தூக்கினோம். நாலாவது தடவை தூக்கும்போது கதவில் இரண்டு தட்டு விழுந்தது.

"என்ன செய்யிறீங்கள்?"

"சத்தம் இல்ல சார்."

"நித்திரை கொண்டா சத்தம் வருமோ?" என்றார் சார். "நீங்கள் வீட்டில நித்திரையா இருக்கேக்க உங்களை எத்தனை தரம் எழுப்புவினம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு காலம் நாங்கள் வளர்த்த குஞ்சு எதுவும் தூங்கியதே இல்லை. இனிமேல் தூக்கிப் பார்ப்பதில்லை, சத்தமில்லையென்றால் நல்லது என்று பேசிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

காலையில் வந்தபோதும் சத்தமில்லை. சந்தோஷமாகவே துண்டைத் தூக்கினேன். பேட் இரண்டும் ஜில்லென்றிருந்தன. குஞ்சுகள் மூலையில் மலையாகக் குவிந்திருந்தன. அடியில் இரண்டு நசுங்கிச் செத்திருந்தன. கரண்ட் போகவில்லை, அடுத்த அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பட்டனை அழுத்தினேன். பேட்டின் விளக்கு எரிந்தது, சூடு வந்தது.

என்ன காரணம் என்று தெரியாமல் அங்கேயே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். பசியாறக்கூடப் போகவில்லை. இரண்டு மணி நேரம் ஆன கையோடு சின்னச் சிவப்பு விளக்கு தானாக அணைந்தது.

மனுஷர்களுக்குச் செய்த பேட். தூங்குகிறவன் முதுகு வெந்துவிடக்கூடாது என்று இரண்டு மணி நேரத்தில் தானாக நிற்கும்படி செய்திருக்கிறார்கள். ஒன்றரை வருடமாக எங்கள் வீட்டில் இருந்த சாமான். என் வீட்டுக்காரர் அதைப் போட்டுக்கொண்டால் அரை மணியில் தூங்கிவிடுவார், நான் அடுப்படியில் இருப்பேன். அது எப்போது அணைந்தது என்று எங்கள் இருவரில் யாருமே பார்த்ததில்லை. முதல் நாள் பகலில் வெயில் அடித்ததாலும், நாங்கள் பேட்டை ஏற்றி இறக்கும்போதெல்லாம் நிறுத்திப் போட்டதாலும் அது அங்கேயும் தெரியவில்லை.

போர்டில் மூன்று என்று எழுதினேன். பக்கத்தில் 'பேட் தானாக நின்றது' என்றும் எழுதினேன். எண் மட்டும் எழுத வேண்டிய இடம் அது. எழுதிவிட்டுத்தான் அதைக் கவனித்தேன்.

இரண்டாம் நாளே மூன்று முடிந்துவிட்டது. இனி எட்டு நாள், ஒன்றுகூடச் சாகக்கூடாது.

மற்ற மூவரையும் ஒன்றரை மணிக்கொரு தடவை பட்டனை அழுத்தச் சொல்லிவிட்டு, அரை நாள் லீவு எழுதிக்கொடுத்து கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினேன். கேஎல் சென்ட்ரலில் இறங்கி பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்கு நடந்தேன். கடைக்காரர் நம் ஆள்தான்.

"தானா நிக்காத பேட் இருக்கா?"

"இப்ப வர்றதெல்லாம் டைமர் உள்ளதுதான் ஆன்டி. அதுதான் சேஃப்டி. தூங்கிட்டீங்கன்னா முதுகு வெந்துடும்."

"எனக்கில்ல. குஞ்சுக்கு."

"சின்னப் பிள்ளைக்கா? ஐயோ, கூடவே கூடாது ஆன்டி!"

"கோழிக்குஞ்சுக்கு."

அவர் உள்ளே பார்த்து, "பாலா, இங்க வா, இந்த ஆன்டி சொல்றதக் கேளு" என்று கூப்பிட்டார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. வழக்கமாக அப்படிப்பட்ட நேரத்தில் நான் ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்துவிடுகிறவள். அன்றைக்கு நகரவில்லை. "எனக்கு அணையாத பேட் வேணும், கிடைக்கற வரைக்கும் நிக்கிறேன்" என்றேன். பழைய சரக்கில் தேடினார்கள். தள்ளுகிற சுவிட்ச் வைத்த பேட் இரண்டு கிடைத்தன. டைமர் இல்லை. அங்கேயே பிளக்கில் போட்டு, கடையிலேயே இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து, அணையவில்லை என்று பார்த்த பிறகே காசு கொடுத்தேன். போகும்போது அந்தப் பாலா எனக்கு ஒரு பாக்கெட் தே ஓ, பால் இல்லாத டீ, வாங்கிக் கொடுத்தான்.

புது பேட் போட்ட பிறகு அறை அடங்கியது. சத்தமில்லையென்றால் தூக்கிப் பார்ப்பதற்குப் பதில் துண்டுக்கு அடியில் புறங்கையை மட்டும் விட்டுப் பார்த்தோம். மூன்று நாள் கழித்துக் குகையை அரை விரல் உயர்த்தினோம். குஞ்சுகளுக்கு இறகு சீக்கிரமாக முளைத்தது. விளக்குக் குஞ்சுக்கு வரும் பின்புறத்தில் ஒட்டிய எச்சம், ஒன்றையொன்று கொத்துவது, இரண்டும் இல்லை.

நாலாம் நாள் பாஸ் சொல்லாமல் வந்து நின்றார். போர்டைப் பார்த்தார். தெர்மாமீட்டர் கணக்கு இருபத்தெட்டு, இருபத்தெட்டு, இருபத்தேழு என்று இருந்தது. விளக்கு இருந்த காலத்தில் முதல் வாரம் முப்பத்து மூன்றுக்குக் கீழே இறங்கினால் எங்களுக்குத் திட்டு விழும்.

"இருபத்தேழா? எல்லாம் குளிர்ல சாகப் போகுது."

அறையின் காற்றைத்தான் தெர்மாமீட்டர் காட்டுகிறது, குஞ்சின் முதுகை அல்ல என்று சொல்ல வேண்டும். மலாயில் அதை எப்படிக் கோப்பது என்று எனக்கு வரவில்லை. ஒரு குஞ்சைப் பிடித்தேன், "பாஸ்" என்றேன், அதன் காலை அவர் கன்னத்தில் வைத்துவிட்டேன்.

லெட்சுமி அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டார். பாஸ் அசையவில்லை. குஞ்சு அவர் காதைக் கொத்தியது.

"ஒன்னும் தெரியலயே" என்றார்.

"தெரியாட்டி சூடு சரி பாஸ்."

அவர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, "பத்தாம் நாள் வரேன்" என்று போய்விட்டார். லெட்சுமி அக்கா அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். "அவர் பொண்டாட்டிகூட அப்படித் தொட்டிருக்க மாட்டா லா!"

ஏழாம் நாள் ஒரு குஞ்சு தளர்ந்தது. கறுப்பு, இடது காலில் ஒரு விரல் மட்டும் வெள்ளை. மற்றவை ஓடும்போது இது நின்றது. இறக்கை தொங்கியது. நிறுத்துப் பார்த்தால் மற்றவற்றில் பாதி கனம். சார் இரைப்பையைத் தடவி, "தண்ணி மட்டும்" என்றார். தனி அட்டைப்பெட்டியில் வைத்தால் குளிரும், கூட்டத்தில் விட்டால் மிதிபடும். குகைக்குள்ளேயே ஒரு மூலையைக் கம்பியால் தடுத்து அதற்கும் இன்னொரு குஞ்சுக்கும் இடம் செய்தேன், தனியாக இருந்தால் கத்தியே களைத்துவிடும் என்பதால். சீனித் தண்ணீரை அலகு ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விட்டேன். அலகைப் பிளந்து ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். சொட்டு விழுங்கியதைப் பார்த்துத்தான் அடுத்த சொட்டு. தீவனத்தைக் கூழாகக் கரைத்து விரல் நுனியில் காட்டினேன். எட்டாம் நாள் இரண்டு தடவை கொத்தியது. ஒன்பதாம் நாள் காலை எழுந்து நின்றது. அன்று மத்தியானம் மறுபடி படுத்தது.

சாயங்காலம் லெட்சுமி அக்கா என்னைக் குழாயடிக்குக் கூப்பிட்டார்.

"புஷ்பா, இது தங்காது. என் தங்கச்சி மேரு ஊர்ல இதே நாள் பொரிஞ்ச குஞ்சு வாங்கியிருக்கா. அதுல கறுப்பு இருக்கு. நாளைக்குப் பையில போட்டுக் கொண்டாந்துடறேன். யாருக்குத் தெரியும்?"

"வேணாம்க்கா."

"விரல்தான் வெள்ளையா இருக்காது. ஒரு விரல யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேனேக்கா."

அவர் முகம் மாறிவிட்டது. "உனக்கென்ன. உன் வீட்டுக்காரரு பாதி மாசமாச்சும் லோரி ஓட்டுறாரு. நான் ஷா ஆலம் போய் நிக்கணும். என் காலப் பாத்தியா நீ?" கைலியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். வீங்கியிருந்தது. நான் தினமும் பார்க்கும் கால்தான்.

அவர் சொன்னதில் தப்பு என்று எதைச் சொல்வது? ஆனால் இந்த அறுபதில் எத்தனை சாகிறது என்பது எனக்குத் தெரிய வேண்டும். அறை மூடாமல் இருந்தால் அடுத்து நூறு வரும், இருநூறு வரும். பொய்க் கணக்கை வைத்து அவற்றை எப்படி வளர்ப்பது? இதைத்தான் சொல்ல நினைத்தேன். "வேணாம்க்கா" என்று மறுபடியும் சொன்னேன், அவ்வளவுதான் வந்தது. அவர் என்னோடு பேசாமல் பஸ் ஏறினார்.

பத்தாம் நாள் காலை ஏழேமுக்காலுக்குக் கறுப்புக் குஞ்சு செத்துக் கிடந்தது. கூட விட்ட குஞ்சு அதன்மேல் கழுத்தைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.

கதவு இரண்டு தட்டு. சார் உள்ளே வந்து கடிகாரத்தைக் கழற்றினார்.

"எத்தனை?"

"நாலு சார்."

"போர்டில?"

"எழுதிட்டேன்."

மறுபடி "எத்தனை" என்று கேட்பாரோ என்று நின்றேன். கேட்கவில்லை. செத்த குஞ்சை வாங்கி அதன் வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்தார். "மஞ்சள் கரு உள்ளேயே கெட்டுப்போய்க் கிடக்கு. இது முட்டையில வந்த கோளாறு, பிள்ளை. எந்தச் சூட்டிலயும் தங்காது" என்றார். அதையும் போர்டில் எழுதினேன்.

மூன்று மணிக்குப் பாஸ் வந்தார். நாங்கள் நால்வரும் சுவரோரமாக நின்றோம். சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், அவர் பேசுவார் என்று காத்திருந்தேன். பாஸ் போர்டைப் பார்த்தார்.

"நாலு."

"ஆமா பாஸ்."

"மூனுன்னு சொன்னேன்."

"ஆமா பாஸ்."

அவர் திரும்பினார். திரும்பியதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ பிடிவாதம் வந்துவிட்டது. லெட்சுமி அக்காவின் பக்கம் நான் பார்க்கவே இல்லை.

"பாஸ், நில்லுங்க. போர்டுல பக்கத்துல எழுதினதப் படிங்க."

அவர் நின்றார். நான் ஒவ்வொன்றாகக் கை வைத்துக் காட்டினேன். "ஒன்னு பெட்டியிலயே செத்து வந்தது. ரெண்டு, பேட் தானா நின்னதால செத்தது. அது என் தப்பு. எனக்கு அந்த பேட்டப் பத்தித் தெரியல. இப்ப தெரியும், மாத்திட்டேன். இது முட்டையிலேயே கோளாறு. மாத்தின பேட்டுக்கு அடியில சூடு பத்தாம ஒன்னுகூடச் சாகல. அம்பத்தாறு இருக்கு. நீங்களே எண்ணிக்குங்க."

மலாயில் அவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை.

"இப்ப என்ன வேணும்?"

"இன்னும் பத்து நாள்."

"இன்னொரு அறுபதா?"

"நூறு பாஸ். நூறுக்குத்தான் கணக்கு சரியாத் தெரியும்."

"அறுபதுல நாலு கொன்னுட்டு நூறு கேக்கிறியா?"

"ஆமா பாஸ்."

பாஸ் குனிந்து துண்டுக்கு அடியில் கையை விட்டார். அவராகத்தான் விட்டார், நான் சொல்லவில்லை. உள்ளே குஞ்சுகள் தூங்கிக்கொண்டிருந்தன. பிறகு கையை எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, தனபாலன் சாரைப் பார்த்து, "நூறுக்கு அஞ்சு. ஆறாவது போனா என்னக் கேக்காமலே மூடிடுங்க" என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனார்.

மறுநாள் காலை எட்டரைக்கு நூறு குஞ்சுகள் வந்தன. பெட்டியைத் திறந்தபோது இரண்டு செத்திருந்தன. போர்டில் இரண்டு என்று எழுதிவிட்டு, லெட்சுமி அக்காவும் நானும் மீதியை ஒவ்வொன்றாகப் பிடித்து அலகைத் தண்ணீரில் நனைத்தோம்.